வேறு ஊர் பார்க்கலாம் என்றேன்

என் வீட்டுக்காரர் முப்பது வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். கரூர்ப் பக்கத்துக்காரர். எங்களுடையது பதிவுத் திருமணம். அது முடிந்து, ராயபுரத்தில் என் அண்ணன் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட கையோடு, "கடல் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். தெருக்கோடியில்தான் இருந்தது. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனால், கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கடலின் உப்புக் காற்று எங்கள் ஜன்னல் கம்பியைத் தின்றுகொண்டிருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எட்டுப் பேருக்கு இரண்டு அறை. அங்கிருந்து கிளம்பினால் போதும் என்றிருந்தது எனக்கு. ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். சேர்ந்த முதல் வாரம், நான் "இன்னா சார்" என்று ஆரம்பித்ததும் இரண்டு டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் நான் உள்ளே நுழையும்போது அதில் ஒருவர், "இன்னாம்மே, நாஸ்தா துன்ட்டியா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு ஆறே மாதத்தில் என் பேச்சிலிருந்து ராயபுரத்தைத் துடைத்தெடுத்துவிட்டேன். ஓசூரிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் பழக்கமானது அதன்பிறகுதான். அண்ணன் வீட்டுக்குப் போனாலும் நான் செய்தி வாசிக்கிற மாதிரிதான் பேசுவேன். அண்ணி அடுப்படியில் நின்று சிரிப்பார்.

இப்படி இருபத்தொன்பது வருஷம் ஓசூரில் ஓடியது. மகள் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனாள். அவர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றார், நானும் வேலையை விட்டேன். ஒரு நாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணி, கடல் இருக்கிற ஊருக்குப் போயிரலாமா?" என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ஊர் சின்னதாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நடந்தே கடலுக்குப் போக வேண்டும். கடைத்தெருவுக்கும் நடந்தே போக வேண்டும், அந்தக் கடைத்தெருவில் இருட்டிய பிறகும் கூட்டம் இருக்க வேண்டும். ரயில் இருக்க வேண்டும். நான் பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தேன்: யாருக்கும் நம்மைத் தெரிந்திருக்கக் கூடாது.

அந்த வருஷம் முழுக்க ஊர் பார்த்தோம். தெற்கே ஒரு ஊரில் வீடு அத்தனை அழகு. மொட்டை மாடியில் நின்றால் கடல் காலடியில் கிடக்கும். ஆனால் கொத்தமல்லிக் கட்டு வாங்க வேண்டுமென்றால் காரை எடுக்க வேண்டும். இன்னொரு ஊரில் கடைத்தெரு இருந்தது. ஏழு மணிக்கு நாங்கள் டீ குடிக்கப் போனபோது கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். "இங்க ரொம்ப அமைதிங்க" என்று வீட்டுத் தரகர் பெருமையாகச் சொன்னார். திரும்பி வரும் ரயிலில் என் வீட்டுக்காரர், "அமைதிய வெச்சுட்டு நாம என்ன பண்றது? நாள் பூரா உன் மூஞ்சிய நானும் என் மூஞ்சிய நீயும் பாத்துட்டு உக்காந்திருக்கோணும்" என்றார். அது எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்த ஊர் எங்கள் இருவருக்குமே பிடித்தது. ஆனால் ரயில் இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டாக்டரும் இல்லை.

அப்போதுதான் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம் வந்தது. ராயபுரம் போய்த் தங்கினோம். மறுநாள் விடிந்து எழுந்தால் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. போனை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். கடற்கரையில் இருப்பார் என்று அண்ணன் பார்த்துவிட்டு வந்தார், இல்லை. மணி பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். முகம் மழுமழுவென்று சவரம் செய்திருந்தது. ஒரு கையில் மீன், இன்னொரு கையில் ஒரு முழம் கதம்பம். இரண்டு மாதமாக ஓடாமல் கிடந்த கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க போனீங்க?"

"கண்ணுல பட்ட பஸ்ல ஏறுனேன். திருவொற்றியூர்ல தேரடின்னு ஒரு இடத்துல இறக்கி வுட்டான். அம்மிணி, நாம வருசம் பூரா தேடுன ஊரு அங்கதான் இருக்குது."

கோயிலைச் சுற்றி மாட வீதி. வீதி முழுக்கப் பூக்கடை, பாத்திரக்கடை, பலகாரக்கடை, தையல்கடை. கிழக்கே நடந்தால் பெரிய சாலை, அதைத் தாண்டினால் கடல். மேற்கே ரயில். தலைக்கு மேல் மெட்ரோ வேறு. ஒரே நடையில் சவரம் செய்துகொண்டு, கடிகாரம் ரிப்பேர் செய்து, மீன் வாங்கி, கடலில் காலும் நனைத்துவிட்டாராம். காலியாக ஒரு வீட்டையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் மீன் பையைப் பிடுங்கித் தரையில் வைத்தேன். "இந்தப் பக்கத்தை விட்டுப் போறதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? வேறு ஊர் பார்க்கலாம்."

அண்ணனும் என் பக்கம்தான் பேசினார். "இன்னா மாப்ளே இது? அவனவன் இங்கேர்ந்து எப்போ ஓடலாம்னு பாத்துகினு கீறான். லாரிப் புகை, கம்பெனி நாத்தம். நீ இன்னாடான்னா பொட்டிய தூக்கினு இங்க வர்ரேன்ற!"

"காத்தாட நடந்து போய் நாலு மனுசங்களப் பாக்கலாமுங்களே மச்சான்" என்றார் இவர், ரொம்பப் பணிவாக.

இரண்டு நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது. எனக்குப் பிடிக்கவில்லையென்றால் மறுபேச்சில்லாமல் ஓசூர். அந்த மூன்று மாதமும் நாங்கள் வந்திருப்பதை அண்ணன் வேறு உறவுக்காரர் யாருக்கும் சொல்லக் கூடாது.

வீட்டுச் சொந்தக்காரர் வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். கீழ்வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "மீன் கழுவுன தண்ணிய மட்டும் மேலேர்ந்து ஊத்தாதீங்கம்மா. மத்தபடி ராஜா மாரி இருங்க" என்றார்.

ராஜா மாதிரிதான் இருந்தார் என் வீட்டுக்காரர். காலையில் கடல். வரும் வழியில் இடியாப்பம். சாயங்காலம் மாட வீதி. அவர் யாரிடம் பேசினாலும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். முதல் வாரமே மீன்காரம்மா ஒருவரிடம், "அக்கா, இந்த மீனுங்க காலையில வந்ததுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். "இன்னா நைனா, மீனுக்கெல்லாம் மரியாதை குடுக்கற! வாங்க போங்கன்னா அது குழம்புல நீந்துமா?" வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். குறைக்குப் பஞ்சமில்லை. கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கோத்த மணி மாதிரி நிற்கும். காற்று திசை மாறினால் மூக்கைப் பொத்த வேண்டும். காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். எல்லாவற்றையும் அவரிடம் சொல்வேன். "ஆமாங்க" என்பார். கடைக்குப் போனால் நான் சுருக்கமாக, சுத்தமாகப் பேசி, வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு மாதம் ஆகியும் ஒருவரிடமும் சிரித்துப் பேசவில்லை. நான் கேட்டதும் அதுதானே.

இரண்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது மணி இருக்கும், கீழே பாய் என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாசலில் பூக்காரம்மா, இஸ்திரிக்காரர், முன்பின் தெரியாத இரண்டு பேர். "பதறாதம்மா" என்று பூக்காரம்மா ஆரம்பித்ததுமே செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். கரையை அலை அரிக்காமலிருக்கக் கடலில் கொட்டியிருக்கும் பாறைமேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தவர், பாசி வழுக்கி விழுந்துவிட்டார். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் தூக்கி, மீன் கூடை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போனை அவர் வழக்கம்போல வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வீடு எங்கே என்று கேட்டதற்கு வலியில் ஓசூர் விலாசத்தைச் சொன்னாராம்.

"அப்புறம் எப்படி என்னைக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஷேர் ஆட்டோவில் போகும்போது பூக்காரம்மாவைக் கேட்டேன்.

"இதுல இன்னா கீது? மீன்பாடிக்காரன் வந்து, ங்க போட்டுப் பேசுற சார் வூடு எதுன்னான். மீன்காரம்மா என்னைக் காட்டுச்சு. நான் பாய் வூட்டைக் காட்டினேன். உன்ன எல்லாருக்கும் தெரியுமே, சிரிக்காத டீச்சரம்மான்னு."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க மீன் செதில். கணுக்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல அம்மிணி" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டே பேர். அவர்கள் முடிந்து இவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் போனில் பேசிக்கொண்டே வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே நுழையப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை.

"யோவ்! இன்னாய்யா? கண்ணு தெர்ல? எம்மாம் நேரமா இந்த மன்சன் காலு வீங்கிக்கினு குந்திகினு கீறாரு, நீ பாட்டுக்கு வந்து பூந்துகினு போற? போன்ல யார வேணா கூப்டு, எனக்கின்னா! மருவாதியா பின்னால போய் நில்லு!"

அந்த ஆள் போனைக் காதிலிருந்து எடுத்தார், என்னைப் பார்த்தார், பின்னால் போய் நின்றார். பூக்காரம்மா வாயைப் பிளந்துகொண்டு என் தோளில் ஒரு அடி வைத்தார். "அடிப்பாவி! நீ நம்மாளா?"

"ராயபுரம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் வலிக்கிறது, வலித்தால் முகம் சுளிக்கிறது, மறுபடியும் சிரிப்பு வருகிறது. "இத்தன வருசமா இதை எங்க அம்மிணி ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். நான் அவருடைய சட்டையிலிருந்து ஒவ்வொரு செதிலாக எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்துகொண்டேயிருந்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது.

எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. பாய் வீட்டிலிருந்து தினமும் ஏதாவது ஒரு குழம்பு வரும். மீன்காரம்மா, எலும்புக்கு நல்லது என்று சொல்லி, நண்டோடு தானே மாடியேறி வந்து ரசம் வைக்கும் பக்குவத்தைச் சொல்லிவிட்டுப் போவார். வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மீன்பாடிக்காரர் அத்தோ பொட்டலத்தோடு வருவார். எண்ணெயும் புளியும் பூண்டும் மணக்கிற அந்த பர்மா நூடுல்ஸை என் வீட்டுக்காரர் முதன்முதலாகத் தின்றுவிட்டு, இது கரூரில் ஏன் இல்லை என்று வருத்தப்பட்டார். வெளிவேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. நான்தான் மாட வீதிக்குப் போனேன். அரைமணியில் முடிகிற வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பூக்கடையில் பத்து நிமிஷம், இஸ்திரி வண்டியில் பத்து நிமிஷம். பேசப் பேச பழைய வார்த்தை ஒவ்வொன்றாக வாயில் வந்தது. ஒரு நாள் பாத்திரக்கடையில், "இன்னாபா, இம்மாத்தூண்டு கரண்டிக்கு இம்மாம் வெலயா?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன்.

மூன்று மாதம் முடிகிற அன்று நாங்கள் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலு நாள் கழித்து, கட்டுப் பிரித்த காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "அப்ப ஓசூருக்கு எப்ப கிளம்பறதுங்க?" என்றார் என்னைப் பார்க்காமலே.

"எதுக்கு?"

"ஒப்பந்தம் போட்டமே."

"சும்மா கிடங்க. அந்த வூட்ட வித்துட்டு வர்றதுக்கு வேணா ஒருக்கா போலாம்" என்றேன்.

அவர் வெந்நீரிலிருந்து காலை எடுத்து, ஈரத்தோடு எழுந்து நின்று, என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கம்பெனியில் புது ஆளை வேலைக்கு எடுத்த மாதிரி.

ஓசூர் வீடு மழைக்காலத்துக்கு முன்பே கைமாறியது. இங்கே பாய் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய வீடு ஒன்றை வாங்கினோம். கம்பிகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும் என்று அண்ணன் எச்சரித்தார். பிறகு அவரே இரண்டு டப்பா பெயின்ட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் மெட்ரோ ஏறி வந்துவிடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் கடற்காற்று வாங்கப் போகலாம் என்கிறார்கள்.

போன மாசியில் கோயில் தேரைப் பார்க்க மகள் புனேவிலிருந்து வந்திருந்தாள். நான் வாசலில் நின்று மீன்காரம்மாவோடு சங்கரா மீனுக்கு அரைமணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போனதும், "அம்மா, யாரும்மா அது கீழே சண்டை போட்டது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். நம்பவில்லை. மறுபடி ஒரு தடவை பேசிக் காட்டச் சொல்லி என் பின்னாலேயே அடுப்படி வரை வந்தாள்.