இரண்டாம் நாள் சோதனை

சலவைக்கூடத்தில் அவளுக்குப் புல்டோசர் என்று பெயர். மருத்துவமனையின் ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து வாரி, வண்டி கொள்ளாமல் அடைத்து, உலர்த்தும் அறைவரை ஒரே மூச்சில் தள்ளிப்போவாள். பதினாறு வருஷ உழைப்பு.

கோவிட் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று பழையபடி ஓடி ஓடிச் செய்தாள். மறுநாள் பல் துலக்கக் கை எழவில்லை. உடம்பை யாரோ அடித்துத் துவைத்துப் பிழிந்து போட்டதுபோல் இருந்தது. மூன்று நாள் படுக்கை. தேறி வேலைக்குப் போனால் மறுபடியும் அதே கதை. ஏழு மாதம் இப்படியே ஓடியது.

"நல்லா சாப்பிடுறா, வாய் கிழியப் பேசுறா. வேலைன்னா மட்டும் நோவு வந்துடுது" என்றாள் நாத்தனார், காதில் விழும்படி.

"வேணும்னா இந்த நோவை ஒரு வாரம் நீங்க வச்சிருந்து திருப்பிக் குடுங்க அண்ணி" என்றாள் இவள்.

நோயா நடிப்பா என்று சான்று கேட்டு, மேற்பார்வையாளர் அவளைச் சலவை நிறுவனத்தின் மருத்துவரிடம் அனுப்பினார். ஒரு மரப்படியில் ஆறு நிமிஷம் ஏறி இறங்கச் சொன்னார் மருத்துவர். ஏறி இறங்கினாள். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

"நல்லாத்தானே இருக்கீங்க?" பேனாவை எடுத்து, வேலைக்குத் தகுதி என்று எழுதினார்.

"இன்னைக்கு நல்லாத்தான் இருப்பேன். நாளைக்கு இதே நேரத்துக்கு வர்றேன், இதையே செய்யச் சொல்லுங்க."

"அப்படி வழக்கம் இல்லம்மா."

"என் வியாதிகூட உங்க வழக்கத்துல இல்லை டாக்டர். ஒரு நாள் பொறுத்துக் கையெழுத்துப் போடுங்க."

மறுநாள் கட்டிலைவிட்டு எழவே முக்கால் மணி நேரம் ஆனது. பஸ் ஓட்டும் கணவன் லீவு போட்டிருந்தான். "வேண்டாம்டி, படு" என்று கெஞ்சினான்.

"இன்னைக்குப் படுத்துட்டா நான் நடிக்கிறேன்னு ஆயிடும். கையைப் பிடிங்க."

அதே மரப்படி. ஒன்றரை நிமிஷத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. கணவன் தாங்கிக்கொண்டான். நாடியைப் பிடித்த மருத்துவர் கையை எடுக்காமல் கடிகாரத்தையே பார்த்தார். நேற்று எழுதியதைக் கிழித்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா."

"மன்னிப்பு இருக்கட்டும், சரியா எழுதுங்க. இன்னொரு தடவை என்னால நிரூபிக்க முடியாது."

அந்த நிரூபணத்துக்குப் பதினோரு நாள் படுக்கையில் கிடந்தாள்.

இப்போது நான்கு மணி நேர வேலை. தலையணை உறைகளை உட்கார்ந்தபடி மடிக்கிறாள். "எல்லாரும் நிக்கிறப்போ நீ மட்டும் உட்கார்ந்தா நல்லாவா இருக்கு?" என்று மேற்பார்வையாளர் முனகினார்.

"அப்போ எல்லாருக்கும் நாற்காலி போடுங்க சார்."

மூட்டு வீங்கிய ஒருத்தி மறுவாரமே நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை.

நோய் போய்விடவில்லை. உடம்பு சோரத் தொடங்குவதற்கு முன்பே, பாதி மடித்த உறையை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள், மேற்பார்வையாளர் எதிரே நின்றாலும்.