திறப்பை ஆறு மணிக்குத் தருகிறேன்

எங்கள் மாகாணத்துக்கு ஆளுநர் ஒருவர் இருக்கிறார். அவரை நாங்கள் தெரிவுசெய்வதில்லை. கொழும்பிலிருந்து நியமித்து அனுப்புவார்கள். வாக்குக் கேட்டு அவர் எங்கள் படலைக்கு வந்ததும் இல்லை, தோற்றுத் திரும்பியதும் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குளத்தின் கீழ் வயல் செய்கிற எங்களுக்கு, நாங்களே ஏற்றி நாங்களே இறக்கக்கூடிய ஆட்சி என்று ஒன்றுதான் உண்டு. அது எங்கள் விவசாயிகள் சங்கமான கமக்காரர் அமைப்பின் தலைவர் பதவி. அதில் ஆறு வருடம் நான் இருந்தேன். அதனால் வீட்டில் என் கணவர் எனக்கு வைத்த பெயர் ஆளுநர். "ஆளுநர் அம்மா, தேத்தண்ணி ஆறுது" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

அந்த ஆளுநர் தோற்றதைத்தான் எழுதப் போகிறேன். தோற்றவள் எழுதுகிறாள் என்று யாரும் கண் துடைக்க லேஞ்சியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அழுகை வராது. கோபம் வரும், அதுவும் அதிக நேரம் நிற்காது.

முதலில் வாய்க்காலைச் சொல்லவேண்டும். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசிலிருந்து புறப்படுகிற எங்கள் வாய்க்காலில், துருசுக்குக் கிட்ட உள்ள வயல்களைத் தலைப்பக்கம் என்போம். கடைசியில் கிடப்பது வால்பக்கம். நடுவில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. அதை இறக்கினால் தண்ணீர் தேங்கித் தலைப்பக்கத்து வயல்களுக்குப் பாயும். உயர்த்தினால் வாலுக்குப் போகும். கதவுக்குப் பூட்டு உண்டு, பூட்டின் திறப்பு தலைவரிடம் இருக்கும். பதவி என்றால் அந்தத் திறப்புத்தான். மற்றதெல்லாம் கூட்டமும் கையெழுத்தும்.

மாரியில் செய்கிற காலபோகத்துக்கு இந்தத் திறப்பால் பெரிய வேலை இல்லை, வானம் பார்த்துக்கொள்ளும். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரை நம்பித்தான் விதைப்போம். அதை முறை வைத்துப் பங்கிடவேண்டும். முறை எப்போதும் தலையிலிருந்து தொடங்கும். வாலுக்கு வரும்போது தண்ணீர் வாய்க்காலின் அடியை நனைத்துக்கொண்டிருக்கும். ஐந்து வருடம் நானும் அப்படித்தான் அட்டவணை எழுதினேன். என் வயலும் தலைப்பக்கம்தான். அதை மறைத்து எனக்கு என்ன வரப்போகிறது?

வாலின் கடைசி இரண்டு ஏக்கர் ஒரு கடற்கரைப் பெண்ணுடையது. முல்லைத்தீவுப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் பக்கத்துப் பொடியனைக் கட்டி வந்தவள். அவன் ஆனையிறவு உப்பளத்தில் வேலை, மாதத்துக்கு இரண்டு தரம்தான் வீட்டுக்கு வருவான். அவள்தான் வயலைப் பார்த்தாள். மூன்று சிறுபோகம் விதைத்து, மூன்றையும் மாட்டுக்கு விட்டாள். மூன்றாவது தடவை, நான் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து, வேரோடு பிடுங்கிய காய்ந்த பயிரில் ஒரு பிடியை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பின்கதிரையில் இருந்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்தப் பயிரைத் தட்டிவிட என்னால் முடியவில்லை. கூட்டம் முடியும்வரை அதற்குப் பக்கத்தில்தான் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த சிறுபோகத்துக்கு அட்டவணையைத் தலைகீழாக எழுதினேன். முதலில் வால், பிறகு தலை. தலைப்பக்கத்துக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். வயலுக்குப் பக்கத்தால் தண்ணீர் போகிறது, தொடமுடியாது. என்னோடு கதைப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. என் சைக்கிள் வருகிறதைக் கண்டால் வரம்பில் மறுபக்கம் திரும்பி நிற்பார்கள். நான் மணி அடித்துவிட்டுப் போவேன்.

அந்த வருடம்தான் தலைவர் தெரிவும் வந்தது. தலைப்பக்கத்தில் உழவு இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் எதிர்த்து நின்றார். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது. வாய் நிறையக் கதைப்பார். வீடு வீடாகப் போய், முன்னைய ஒழுங்கே திரும்ப வரும் என்று சொன்னார். நான் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. "ஆறு வருசம் வாய்க்கால் கரையில நடந்து தேய்ஞ்ச செருப்பை எண்ணிப் பாக்கட்டும், அது காணும்" என்றேன். கணவர் மெல்ல, "செருப்புக்கு ஆரும் வாக்குப் போடமாட்டினம்" என்றார். "நான் வெல்லுவன், நீங்கள் பேசாம இருங்கோ" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். வால்பக்கத்தில் பதினான்கு வாக்கு, அது அப்படியே எனக்கு. நடுவயல்காரரில் பாதி. தலைப்பக்கத்திலும் சொந்தக்காரர் சிலர் இருக்கிறார்களே.

பிழை எங்கே விட்டேன் என்றால் திகதியில். தெரிவை நடத்தும் கமநல நிலையத்து உத்தியோகத்தர் தொலைபேசியில் கூட்டத்துக்கு நாள் கேட்டார். "ஞாயிறு பத்து மணிக்கு வையுங்கோ, பள்ளிக்கூட மண்டபம் சும்மா கிடக்கும்" என்றேன். சொல்லும்போது என் தலைக்கு நேர் மேலே, சுவரில், என் கையால் எழுதிய முறை அட்டவணை தொங்கியது. குளத்தில் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் தண்ணீர் என்று பொறியியலாளர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசிச் சுற்றில் வாலின் முறை ஞாயிறு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை.

முறைத் தண்ணீர் வரும்போது வயலை விட்டு ஒருவரும் அசையமுடியாது. வரம்பில் வெட்டிய வக்கடையைத் திறந்து, தன் வயல் நிறைந்ததும் கட்டி, அடுத்தவருக்கு விடவேண்டும். ஆள் இல்லாத வக்கடை பிய்ந்தால் தண்ணீர் காட்டுக்குப் போய்விடும். அதுவும் அப்போது கதிர் பால் பிடிக்கிற நேரம். அந்த ஒரு நாள் தண்ணீர் தவறினால் எல்லாம் சப்பி, உள்ளே அரிசி இராது.

ஞாயிறு காலை மண்டபம் நிறையச் சனம். வால்பக்கத்தார் இருக்கும் வாங்குகள் மட்டும் வெறுமையாக இருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைத்தொலைபேசி அடித்தது. கடற்கரைப் பெண்.

"அக்கா, கூட்டம் துவங்கிட்டுதோ? நாங்கள் வரோணுமோ?"

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். முகங்களை எண்ணினேன். நடுவயல்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வரவேண்டாம். வக்கடையை விட்டு அரக்கக்கூடாது, சொல்லிப்போட்டன். இஞ்ச நான் பாத்துக்கொள்ளுவன்."

இதை இப்போது ஊரில் சிலர் தியாகம் என்று சொல்கிறார்கள். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர்கள் வராமலே வெல்வேன் என்று நினைத்தேன், அவ்வளவுதான். தோற்பேன் என்று தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டால், எனக்கே தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால் அது பொய்.

துண்டுக் கடதாசியில் பெயர் எழுதி, பிஸ்கட் பேணிக்குள் போட்டோம். உத்தியோகத்தர் எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். பாதியில் எனக்கு விளங்கிவிட்டது. ஒன்பது வாக்கால் தோற்றேன். சிரித்த நடுவயல்காரர் எனக்குப் போடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எழும்பிப் போய்ப் புதுத் தலைவருக்குக் கை கொடுத்தேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் தலைப்பக்கத்து இளந்தாரி ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்: "திறப்பை வாங்குங்கோ தலைவர்! இப்பவே கதவை இறக்குவம், குளம் வத்துது!" இன்னும் நாலைந்து குரல் அதோடு சேர்ந்தது.

மணி பன்னிரண்டரை. வாலுக்கு இன்னும் ஐந்தரை மணித்தியாலம் இருந்தது. தண்ணீர் வயல் வயலாகப் போவதால், கடைசி வயலுக்கு அது மத்தியானத்துக்குப் பிறகுதான் போய்ச் சேரும். கடைசி வயல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "அம்மா, அறிவிச்ச நேரத்திலயிருந்து பொறுப்பு அவருக்குத்தானே" என்றார், மரியாதையாக. சட்டம் அவர் பக்கம்தான். என் கைப்பைக்குள் திறப்பு இருந்தது. அதைக் கைப்பையோடு சேர்த்துப் பிடித்தேன்.

"பதவியை இப்ப தந்திட்டன்" என்றேன். "திறப்பை ஆறு மணிக்குத் தாறன். அட்டவணையில ஆறு மணி எண்டு கிடக்கு. அதில என்ர கையெழுத்து."

மண்டபம் ஒரே இரைச்சல். தோற்றும் கதிரையை விடாத ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களை நான் எத்தனை தரம் ஏசியிருப்பேன்! அன்று நானே அந்த வரிசையில் போய் நின்றுகொண்டு, கூச்சமே இல்லாமல் சைக்கிளை எடுத்தேன். யாரோ "ஆளுநர் ஓடுறா" என்றார்கள். கணவர் வைத்த பெயர் ஊர் முழுக்கத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

நடுக்கதவின் சீமெந்துக் கட்டில் போய் இருந்தேன். தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே தண்ணீர். பயம் இருந்ததா என்றால் இல்லை. நான் செய்வது முழுக்கச் சரியா என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் எழும்பவேண்டும் என்று ஒரு தரமும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். புதுத் தலைவர் தனியே வந்தார். பூட்டை உடைக்க ஆட்களோடு வருவார் என்றுதான் நினைத்திருந்தேன். மோட்டார் சைக்கிளை வேம்புக்குக் கீழே விட்டுவிட்டு, கட்டின் மறுபக்கத்தில் வந்து இருந்தார்.

"அக்கா, இது சரியில்லை."

"ஓம், சரியில்லை. ஆறு மணி வரைக்கும்தான்."

"அவங்கள் என்னைப் பேசப்போறாங்கள்."

"பேசட்டும். ஆறு வருசம் என்னைப் பேசினவைதானே? பழகிடும்."

அவர் சிரிக்கவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தரம் எழுந்து நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து வால்பக்கம் பார்த்தார். "கடைசி வயல் எந்த இடம்?" என்று கேட்டார். இதே வாய்க்காலில் பிறந்து வளர்ந்தவர். எனக்கு ஏளனமாக ஏதோ வாயில் வந்தது. ஐந்து வருடம் நானும் அந்த வயலைப் போய்ப் பார்த்ததில்லை என்ற நினைப்பு வந்ததும் விழுங்கிவிட்டேன். பனைக்கு அங்கால் என்று காட்டினேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் அவள் வாய்க்கால் கரையால் வந்தாள். முழங்கால் வரை சேறு, தோளில் மண்வெட்டி. முடிவு அவளுக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, என்ர வயல் தளும்புது! மாதாவே, கடல் மாதிரிக் கிடக்கு. நீங்கள் வெண்டுட்டியள்தானே?"

"தோத்திட்டன் பிள்ளை. ஒன்பது வாக்கு."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். வால்பக்கத்து வாக்கு எத்தனை என்று அவளுக்குத் தெரியும். கணக்குப் போடுவதை முகத்தில் பார்த்தேன். "ஐயோ, நீங்கள் கூப்பிட்டிருந்தால் வந்திருப்போமே" என்று சொல்வாள் என்று நினைத்தேன். ஆறுதலுக்கு யாரும் அதைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

"அக்கா, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ" என்றாள். "வாங்கோ எண்டு சொல்லிப்போடுவியளோ எண்டு பயந்து பயந்துதான் போன் எடுத்தனான். சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டன். மூண்டு போகம் பாத்திட்டன். இந்தத் தண்ணியை விட்டிட்டு வந்திருக்கவே மாட்டன்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஆறு வருடத்தில் என்னிடம் முகத்துக்கு நேரே உண்மை சொன்ன முதல் ஆள் அவள்தான் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. நான் சிரித்தேன், பிறகு அவளும் சிரித்தாள்.

மணி ஆறு. புதுத் தலைவர் கதவடிக்கு வந்தார். கைப்பையைத் திறந்து திறப்பை அவர் கையில் வைத்தேன். அவர் பூட்டைத் திறக்கக் குனிந்தபோது அவள் இரண்டு அடி முன்னுக்கு வந்தாள். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"தலைவர்" என்றாள். நான் வழக்கப்படி திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அடுத்த சிறுபோகம் எந்தப் பக்கத்தாலை துவங்குவியள்?"

அவர் திறப்பைப் பூட்டில் வைத்தபடியே, "அதைக் கூட்டத்தில பாப்பம் பிள்ளை" என்றார்.

"ஓம், பாப்பம். ஆனால் கூட்டத்தை எங்கட முறை நாளில வைக்காதேங்கோ. துருசு பூட்டிக்கிடக்கிற நாளாப் பாத்து வையுங்கோ. நாங்கள் பதினாலு பேரும் வருவம்."

ஆறு வருடம் தலைவராக இருந்த எனக்கு அந்த ஒரு வசனம் வாயில் வரவில்லை. கதவு கிறீச்சிட்டு இறங்கியது. வாலுக்குப் போன தண்ணீர் நின்று, தலைப்பக்கம் திரும்பியது. என் வயலுக்கும் அது வரும். நான் சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த சிறுபோகத்தில் முறை வாலிலிருந்து தொடங்கியது. அட்டவணையில் என் கையெழுத்து இல்லை.