தலையாட்டிய ஜப்பான் வகுப்பு

ஜப்பான் மொழியில் எழுத்து மூன்று வகை. அதைச் சொல்லிக்கொடுப்பவனுக்குத் தலைவலி ஒரே வகை, அது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். டியூஷன் எடுப்பவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், வீட்டில் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிக்கொண்ட தகப்பன்மார்கள் எல்லோரும் என் கட்சி. உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் படித்து வந்த வாத்தியார் இல்லை. கடலூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தவன். ஆலை என்னைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. இரண்டு வருஷம் அங்கே இருந்ததில் மொழி ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து சில வருஷங்களில் ஆலையை மூடிவிட்டார்கள். மொழி மட்டும் மிச்சமானது. 2004-இல் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய குணசேகர் என்னைக் கூப்பிட்டு, ஜப்பான் மொழி வகுப்புக்கு போர்டு மாட்டினார். பையன்களை அடக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டியபோது, நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். பார்த்ததைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி டி.வி. முன்னால் நடந்துகொண்டிருந்த சண்டையைக் காட்டினாள்.

"ஒரு ரிமோட்டுக்கு ரெண்டு புள்ளைங்க அடிச்சிக்கிறத உங்களால நிறுத்த முடியல. அங்க முப்பது பேரா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம்

சென்டரின் மாடி ஒரே நீளமான அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் விஜயா டீச்சர் டாலி கணக்கு சொல்லிக்கொடுப்பார். இந்தப் பக்கம் நான். டாலி வகுப்பு சத்தமில்லாமல் நடக்க வேண்டியது. மொழி வகுப்பு சத்தம் போட்டே நடக்க வேண்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்பதை 'இச்சி, நி, சன்' என்று நான் சொன்னால் முப்பது பேர் திருப்பிச் சொல்வார்கள். கடைசி பெஞ்ச் முபாரக் மட்டும் ஏலம் விடுகிற குரலில் சொல்வான். பரங்கிப்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பையன்; வாப்பா சவுதியில். பஸ்ஸில் அடக்கி வைத்த பேச்சையெல்லாம் என் வகுப்பில்தான் இறக்குவான்.

மரியாதை வரட்டும் என்று ஒரு விதி போட்டேன். வகுப்புக்குள் யாரும் யாரையும் மச்சான் என்று கூப்பிடக் கூடாது. ஜப்பானியர்களைப் போலப் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிட வேண்டும். மறுநாள் முதல் 'மச்சான் சான், பேனா குடு' என்று குரல்கள் வந்தன. விதியை மீறினார்களா, காப்பாற்றினார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே குணசேகர் என்னைக் கீழே கூப்பிட்டார். டாலி வகுப்புதான் சென்டருக்குச் சோறு போடுகிறது, இனி ஒரு புகார் வந்தால் ஜப்பான் போர்டைக் கழற்றிவிடுவேன் என்றார். ஆலை மூடிய பிறகு சாயங்காலம் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப எனக்கு இருந்த ஒரே காரணம் அந்த போர்டு. விஜயா டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எங்க பசங்க நேத்து டெஸ்டுல இச்சி, நி, சன்னுனு விரல் வுட்டு எண்றாங்க சார். ஃபீஸ் நான் டாலிக்குத்தான் வாங்குனேன்."

அந்த எழுத்து

அந்த டிசம்பரில் கடல் வந்தது. எங்கள் ஊரில் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் ஜப்பான் வார்த்தை. டீக்கடையில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றது. அந்த வார்த்தையை நான்தான் மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்தேனோ என்று எனக்கே இரண்டொரு நாள் தோன்றியது.

பொங்கலுக்குப் பிறகு வகுப்பைத் திறந்தோம். கலையரசியும் வந்திருந்தாள். கடலோரக் குப்பத்துப் பெண். வீடு போய்விட்டது, தகரக் கொட்டகையில் இருந்தார்கள். புத்தகமும் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எழுத்து வரிசையைத் திரும்பச் சொல்லும் பாடம். 'த, ச்சி' வரைக்கும் வந்த வகுப்பு அடுத்த எழுத்தான 'ட்சு'வில், ஜப்பானில் அந்த வார்த்தை தொடங்குகிற எழுத்தில், நின்றது. முபாரக்கூட வாயைத் திறக்கவில்லை. நான் விரும்பிக் கேட்டிருந்த அமைதி அதுதான். அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த வரிசைக்குப் போகலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். கலையரசி எழுந்தாள்.

"அந்த எழுத்த வுட்டுட்டா பரிச்சையில பாஸ் பண்ண முடியுமா சார்? முடியாதுல்ல. எனக்கு வேல வேணும், சொல்லிக்குடுங்க."

செருப்பு வரிசை

ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்தில் ஒரு வகுப்பு. கீழவீதிப் பக்கம் ஒரு மாடி ஹால். அங்கே டாலி கிடையாது, சத்தம் போடலாம். ஆனாலும் என் ஒழுங்குப் பைத்தியம் கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது. ஜப்பானில் செருப்பைக் கழற்றினால் வாசலைப் பார்த்தாற்போலத் திருப்பி, ஜோடியாக வைப்பார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லி மாணவர்கள் உடனே கேட்ட ஒரே விஷயம் அதுதான். படிக்கு ஒரு ஜோடியாகத் தெருவரைக்கும் செருப்பு இறங்கியது.

ஒரு ஞாயிறு, நடுவயதுக்காரர் ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு மேலே வந்து கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாராவது மாணவியின் தகப்பனாராக இருக்கும் என்று நினைத்து வணக்கம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு 'அ, இ, உ, எ, ஒ' என்று சேர்ந்து சொன்னது. அவர் அசையவில்லை. என் வகுப்பில் இவ்வளவு ஒழுக்கமாக உட்கார்ந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பையன்களுக்கு அவரை உதாரணமாகக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். முடிந்ததும் என்னிடம் வந்து கும்பிட்டார். வடலூர்க்காரராம், கோயிலுக்கு வந்த இடத்தில் செருப்பு வரிசையைப் பார்த்து ஏறி வந்தாராம்.

"மந்திரம் நல்லா இருந்துச்சுங்க. தீட்சை எப்ப குடுக்கறீங்க?"

ஒரு இழுப்பு

ஜப்பானியர்கள் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, 'சொத்தோ…' என்பார்கள். 'கொஞ்சம்…' என்று அர்த்தம். அதற்குமேல் சொல்லாமல் விட்டுவிட வேண்டும். கேட்டவர் புரிந்துகொண்டு விலகிவிடுவார். இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாள் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டேன். முதல் பெஞ்ச் தலையைச் சாய்த்தது. இரண்டாவது பெஞ்ச் காற்றை இழுத்தது. முபாரக் கண்ணை வேறு பாதி மூடி, என் ஜப்பான் மேலதிகாரியே எதிரில் நிற்பதுபோல் 'சொத்தோ…' என்றான். உச்சரிப்பில் ஒரு குறை இல்லை. பாடத்தை இவ்வளவு நன்றாகக் கற்றவர்களைப் பாடம் எழுதாததற்கு எப்படித் திட்டுவது?

அந்த வாரமே முபாரக்கின் வாப்பா லீவில் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். பேரீச்சம்பழப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, பையன் எப்படிப் படிக்கிறான் என்றார். அத்தனை தூரத்திலிருந்து வந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நான் தலையைச் சாய்த்து, 'கொஞ்சம்…' என்று நிறுத்தினேன். அவர் பொட்டலத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"நீங்க இழுக்குற இழுப்புலயே தெரியுது சார், பய படிக்கலேன்னு."

தலையாட்டம்

போர்டு கழற்றப்படும் பயம் என்னை விடவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜப்பானியர்கள் ஒருவர் பேசும்போது சும்மா கேட்க மாட்டார்கள்; வாக்கியத்துக்கு வாக்கியம் தலையாட்டி, மெதுவாக 'ஹை' என்பார்கள். 'சரி, கேட்கிறேன்' என்பதுபோல. எனவே திருப்பிச் சொல்வதை நிறுத்தினேன். நான் பேசுவேன், வகுப்பு தலையாட்டும். ஒரே வாரத்தில் சத்தம் போயிற்று. விஜயா டீச்சர் நன்றி சொன்னார். குணசேகர் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வகுப்பு மாதிரி இருக்கிறது என்றார். முப்பது தலைகள் ஒன்றாக அசைவதைப் பார்க்க எனக்கு ஜப்பானிலேயே நிற்பதுபோல் இருந்தது.

ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. எது நன்றாக நடந்தாலும் சந்தேகம் வரும். ஒரு நாள் பாடத்தின் நடுவில், அதே குரலில், அதே முகத்தோடு, 'இன்று காலை நான் இந்தக் கரும்பலகையைத் தின்றேன், சுவையாக இருந்தது' என்று ஜப்பான் மொழியில் சொன்னேன். முப்பது தலைகளும் ஆடின. கலையரசியின் தலைகூடத்தான். வகுப்பு முடிந்ததும் முபாரக்கை நிறுத்தி, நிஜத்தைச் சொல்லு, ஏதாவது புரிகிறதா என்று கேட்டேன். வழக்கமான விளையாட்டு இல்லாமல் சொன்னான்.

"ஒண்ணும் புரியல சார். நீங்க சந்தோஷமா நடத்திட்டிருந்தீங்க, எதுக்குக் கெடுப்பானேன்னு தலையாட்டினோம்."

விருந்தாளி வந்த நாள்

இதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கவில்லை. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வைக்கு வந்திருந்த மொரிதா என்ற ஜப்பான் எஞ்சினியருக்கு, உள்ளூரில் மொழி தெரிந்த உதவியாள் ஒருவர் தேவைப்பட்டது. வகுப்பைப் பார்க்க அவரே வருவதாகக் குணசேகர் சொன்னார். மனுஷன் முகம் கோணாமல் போனால் போர்டு இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் தடுப்பைப் பிரித்து முழு மாடியையும் டாலிக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். அன்றைக்கு ஒரு சத்தம் வரக் கூடாது. நான் வகுப்பிடம் அதை அப்படியே சொன்னேன். வகுப்பு தலையாட்டியது.

மொரிதா சான் வந்தார், குனிந்து வணங்கினார், பேச ஆரம்பித்தார். வேகமான ஆள். தலைகள் ஆடின. குணசேகர் ஓரத்தில் நின்று நோட்டீஸுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை யாரால் வேலைக்கு வர முடியும் என்று கேட்டார் மொரிதா சான். முப்பது பேரும் 'ஹை' என்றார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, யாரால் வர முடியாது என்று கேட்டார். முப்பது பேரும் 'ஹை' என்றார்கள். அவர் சிரிப்பு மெல்லச் சுருங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். என் தலையும் ஆடிக்கொண்டிருந்தது என்பதுதான் நிஜம்.

அப்போது கலையரசி எழுந்தாள். புரியவில்லை, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள் என்று ஜப்பான் மொழியில், தடுப்பைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னாள். எனக்கும்தான் என்றான் முபாரக், அதே ஏலக் குரலில். அப்புறம் வகுப்பே அவிழ்ந்துகொண்டது. முப்பது பேரும் 'வகரிமசேன்', அதாவது 'புரியவில்லை' என்று கத்தினார்கள். மாதக்கணக்கில் அடக்கி வைத்தது. விஜயா டீச்சர் கதவருகில் வந்து நின்றார். குணசேகர் கேமராவை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். நான் மாடிப்படியைப் பார்த்தேன்.

மொரிதா சான் ஒரு நாற்காலியை இழுத்து, பெஞ்சுகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். கையை ஆட்டி, கரும்பலகையில் படம் போட்டு, மெதுவாகத் திரும்பச் சொன்னார். அவர்கள் கேட்டார்கள், அவர் சொன்னார், தப்பாகச் சொன்னார்கள், அவர் திருத்தினார். சந்தைக்கடை சத்தம். போகும்போது குணசேகரிடம் சொல்லச் சொல்லி என்னிடம் அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

"இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எல்லோரும் எனக்குத் தலையாட்டுகிறார்கள், வேலைதான் நடப்பதில்லை, புரியவில்லை என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் இந்தப் பெண், திங்கட்கிழமை அவரை அனுப்பிவையுங்கள்."

குணசேகர், மொரிதா சானின் ஜீப் தெருமுனை திரும்பும்வரை கைகூப்பி நின்றார். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்தார். மேலே சத்தம் இன்னும் ஓயவில்லை. அந்த வாரமே டாலி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்; தடுப்பு மட்டும் எதற்கோ அப்படியே நின்றது. ஆனால் அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"அப்ப சத்தம் வந்தாதான் கிளாஸ் நடக்குதுங்குறாரா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார் நீங்க."

2012-இல் நான் ஓய்ந்து உட்காரும்வரை கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு வகுப்பையும் என்னால் அடக்க முடிந்ததில்லை, ஆனால் இன்றைக்கும் நான் பேசும்போது யாராவது அமைதியாகத் தலையாட்டினால் நடுவில் கரும்பலகையைத் தின்ற கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்.