ஒரே ஒரு சிவப்புக் கட்டம்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் மார்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதை யாரும் தேடிப் போனதில்லை. இருபத்திரண்டு வருடமாக மதிப்பெண் பதிவதுதான் அவள் வேலை. ஆசிரியர்கள் கையால் எழுதித் தரும் தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டு, விசைப்பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டுவாள். யாரையாவது திட்டிக்கொண்டே தட்டுவாள், ஆனாலும் எண் பிசகாது. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு மார்க் கூட மாறிப் போனதில்லை. இதை அவளே தினமும் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள், நாங்களும் தலையாட்டுவோம்.

நான் அங்கே வேதியியல் ஆய்வக உதவியாளன். குடுவை கழுவுவது, உப்பு எடை போட்டு வைப்பது, உடைந்ததற்குக் கணக்கு எழுதுவது, உடைத்தவர்களைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பது என்று என் வேலை ஓடும். மார்க் அக்காவுக்கும் நான் அண்ணா, அதே பள்ளியில் மேல்நிலை முதலாம் வருடம் படிக்கும் அவள் மகளுக்கும் நான் லேப் அண்ணா. உறவுமுறை இப்படிக் கோணல்மாணலாக இருந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. பாப்பா என்று அந்தப் பெண்ணை அம்மா கூப்பிடுவாள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பாப்பாவின் அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு தடவை போனில் வருவார். சாப்பிட்டியா என்பது முதல் கேள்வி, எவ்வளவு மார்க் என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது கேள்விக்குள் சிக்னல் போய்விடும்.

போன வருடம்தான் மார்க்கே கிடையாது என்று சட்டம் போட்டார்கள்.

தலைமை ஆசிரியை பெற்றோரையெல்லாம் கூட்டி விளக்கினார். இனி ஒவ்வொரு பாடமும் இருபது, இருபத்தைந்து திறன்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு திறனையும் பிள்ளை செய்து காட்ட வேண்டும். செய்துவிட்டால் 'தேர்ச்சி'. செய்ய வரவில்லை என்றால் 'இன்னும் இல்லை'. அது தோல்வி இல்லை. 'இன்னும் இல்லை' வாங்கியவர்களுக்கு அடுத்த வாரமே உதவி நேரம் உண்டு. அதில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார். தயாரானதும் மறுபடி செய்து காட்டலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டலாம், பழைய தடவைகள் கணக்கில் சேராது. வருடத்தில் இரண்டு முறை பிள்ளையே தன் கோப்பைத் திறந்து, என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று வீட்டாருக்குச் சொல்லும்.

ஒரு எலக்ட்ரீஷியன் எழுந்தார். "எல்லாம் சரிங்க மேடம். நூத்துக்கு எவ்வளவு?"

"நீங்க ஒயரிங் வேலைய நூத்துக்கு அறுபது செஞ்சு வெச்சா, வீட்டுக்காரர் தைரியமா சுவிட்சப் போடுவாரா?"

அவர் யோசித்தார். "போட மாட்டாரு. ஆனா எம் பொண்ணுக்கு எவ்வளவு?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அன்று வாய்விட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் மார்க் அக்காவின் ஜன்னலில் வந்து நின்றார்கள், ரகசியமாக அதே கேள்வியோடு. அவளும் மனது கேட்காமல், "தேர்ச்சின்னா தொண்ணூறுன்னு வெச்சுக்கோங்களேன்" என்று சொல்லி அனுப்பினாள். 'இன்னும் இல்லை' என்றால் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு மட்டும் அவள் பதில் சொன்னதில்லை, பக்கத்து மேசைக்குத் திரும்பிக்கொள்வாள். அவளுக்கு அது ஃபெயில்தான். என்ன பெயர் வைத்தாலும் ஃபெயில் ஃபெயில்தானே அண்ணா என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் ஒரே விஷயத்தைத் தட்டிய விரலுக்குத் திடீரென்று வேறு புத்தி எங்கிருந்து வரும்? புதிய திரையில் தேர்ச்சி பச்சைக் கட்டமாகவும் 'இன்னும் இல்லை' சிவப்புக் கட்டமாகவும் விழுந்தன. சிவப்பைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ தெரியாது, எதிரில் வந்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

பாப்பாவுக்கு வேதியியல் என்றால் உயிர். வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, "லேப் அண்ணா, இதுல என்ன இருக்குன்னு பாக்கலாமா?" என்று நிற்பாள். தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலைக்குப் போவதுதான் அவள் ஆசை. டாக்டர், இன்ஜினியர் என்று பிள்ளைகள் பெரிதாக அளக்கும் வயதில் இவள் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஏழாவது திறன் கரைசல் தயாரிப்பது. உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு நூறு மில்லிக் கோடு வரை தண்ணீர் விட வேண்டும். பாப்பா முதலிலேயே நூறு மில்லியை அளந்து வைத்துக்கொண்டு அதில் உப்பைப் போட்டாள். மட்டம் கோட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் கரைசலைப் பாதியாக நீர்க்கச் செய்யும் கணக்கும் தலைகீழாகப் போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வேதியியல் மேடம், நிறைமாதக்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குடுவையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னும் இல்லடா. பரவால்ல, கோடு எதுக்குன்னு இப்பத் தெரியுதா? திங்கக்கிழமை உதவி நேரத்துக்கு வா, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம்."

பாப்பா முகம் வாடவே இல்லை. துள்ளிக்கொண்டுதான் போனாள். அன்று வெள்ளிக்கிழமை. மேடம் சாயங்காலம் தாளை எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளே வலி வந்து, குழந்தை முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. திங்கட்கிழமை புதிய சார் வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது மேசையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் மார்க் அக்கா சொல்லித்தான் தெரியும். மகளின் வரிசையில் ஆறு பச்சை, ஏழாவதாக ஒரு சிவப்பு. ஒரே ஒரு சிவப்பு. போன் அடித்தது, லாரிக்காரர்தான். சாப்பிட்டியா, எவ்வளவு மார்க். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, மேசையில் சிந்திய டீயைத் துடைப்பது போல, அந்தக் கட்டத்தைப் பச்சையாக மாற்றிவிட்டாள். தாளைக் கிழிக்கவில்லை. கிழித்துப் பழக்கமில்லை. ஓட்டை போட்டு, தேதி எழுதி, கோப்பில் ஒழுங்காகச் சேர்த்தும் வைத்தாள். தப்பு செய்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது அவளிடம் இல்லை.

திங்கட்கிழமை உதவி நேரத்துக்கான பட்டியல் கணினியிலிருந்து வந்தது. ஆய்வகக் கதவில் நான்தான் ஒட்டினேன். பாப்பா நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். மேலிருந்து கீழே படித்தாள். விரல் வைத்து மறுபடி படித்தாள்.

"எம் பேர் இல்லையே, லேப் அண்ணா."

எனக்கும் உறுத்தியது. கோட்டைத் தாண்டிய தண்ணீர் என் கண்ணில்தான் இருந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேர்ச்சி போட்டுட்டாங்க போல. சந்தோஷமாப் போவியா, வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு நிக்கிற" என்றேன். அவள் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டீ நேரத்தில் அவள் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "மேடம் கடைசி நேரத்துல மாத்திக் குடுத்தாங்கண்ணா" என்றாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும். பதினைந்து வருடம் சேர்ந்து டீ குடித்த முகத்தைப் பார்த்துப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகட்டும், நல்லதுக்குத்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்டவன்.

பழைய முறையில் ஒரு மார்க்கைக் கூட்டிப் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வகுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், பாடம் அதுபாட்டுக்குப் போகும். இங்கே அப்படி இல்லை. கட்டம் என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது என்று முடிவாகிறது. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

எட்டாவது திறன் தரம் பார்ப்பது. நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு முதலில் கரைசலைத் தானே தயாரிக்க வேண்டும். பாப்பாவுக்கு வரவில்லை. 'இன்னும் இல்லை'. உதவி நேரத்தில் புதிய சார் குழாயைத் திறப்பது, மூடுவது, கண்ணை எந்த மட்டத்தில் வைப்பது எல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே வரும். வராதது வேறு ஒன்று, அது சாருக்கு எப்படித் தெரியும்? மூன்று முறை செய்து காட்டினாள், மூன்று முறையும் விடை தப்பு. சார் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஏழாவது தேர்ச்சி இருக்கேம்மா. அப்புறம் இதுல என்ன கஷ்டம்?"

பாப்பா பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தினாள். ஆய்வகத்தில் கடைசி மேசைக்குப் போனாள். கூட்டாளிகள் கரைசல் தயாரிக்கும்போது இவள் குடுவை கழுவினாள், என் வேலையை. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அம்மா தான் மாற்றிய கட்டத்தைத் தானே நம்பத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் அலுவலக வாசலில் என் காதுபடவே மகளைத் திட்டினாள். "ஏழு தேறினவளுக்கு எட்டு வராதா? திமிரு. போனே கதின்னு கெடந்தா எப்படி வரும்?" அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வீட்டாருக்குக் கோப்பைக் காட்டும் நாள் வந்தது. ஒரு வகுப்பறையில் நான்கு நாற்காலி. சார், அம்மா, பாப்பா. லாரிக்காரர் வழக்கம்போல் எங்கோ சாலையில் இருந்தார். ஆய்வகக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னதால் நானும் போய் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தேன். பாப்பா கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். அறிவியல் பிரிவிலிருந்து மாறிக்கொள்வதற்கான விண்ணப்பம். பூர்த்தி செய்து, தன் கையெழுத்தையும் போட்டிருந்தாள். பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி.

"இதுல கையெழுத்துப் போடும்மா. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன வெளையாடுறியா? ஒரு பாடத்துல ஒரே ஒண்ணு வரலைன்னா..."

"ஒண்ணு இல்ல." பாப்பா கோப்பில் ஏழாவது பக்கத்தைத் திருப்பினாள். முந்தைய ஆறு பக்கங்களிலும் செய்முறைத் தாள், கணக்கு, மேடம் கையெழுத்து இருந்தன. ஏழாவது வெறுமையாக இருந்தது. "இது எனக்கு வரவே இல்ல சார். தேர்ச்சின்னு இருக்கு, ஆனா காட்டுறதுக்கு ஒண்ணும் கெடையாது. மேடம் அன்னைக்குத் திங்கக்கிழமை வா, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம்னாங்க. அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சிருப்பாங்க, இது தேறாத கேசுன்னு. லீவுல போறப்ப பாவம்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. எத்தன தடவ வேணா வரலாம்னு எல்லாருக்கும் சொன்னாங்க. எனக்கு மட்டும் ரெண்டாவது தடவைகூட வேணாம்னு நெனச்சிட்டாங்க."

அழவில்லை. நன்றாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மூன்று மாதம் அதையே யோசித்திருக்கிறாள்.

நான் மார்க் அக்காவைப் பார்த்தேன். அவள் கையில் பேனா இருந்தது. அவள் நினைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்கலாம், விஷயம் அதோடு மண்ணுக்குள் போயிருக்கும். வேலையும் மிஞ்சியிருக்கும், இருபத்திரண்டு வருடப் பெருமையும் மிஞ்சியிருக்கும். அவள் பேனாவை மூடினாள். எழுந்து அலுவலகத்துக்குப் போய், கோப்போடு திரும்பி வந்தாள். தேதியிட்டு ஓட்டை போட்ட அந்தத் தாளை எடுத்து மகள் முன்னால் வைத்தாள். பாப்பா பேருக்கு நேரே, ஏழாவது திறனில், மேடத்தின் கையெழுத்தில் 'இன்னும் இல்லை' என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலால் 'திங்கள், என்னோடு' என்று சின்னதாக ஒரு குறிப்பும் இருந்தது.

"மேடம் ஒண்ணும் பண்ணல. நான்தான் மாத்திட்டேன்" என்றாள்.

"எனக்கும் தெரியும்" என்றேன் நான். "கேட்காம இருந்துட்டேன்."

சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை நான் தலைமை ஆசிரியைகிட்டச் சொல்லியாகணும்."

"சொல்லுங்க சார்" என்றாள் அவள்.

பாப்பா யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பென்சில் குறிப்பை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். "என்னோடன்னு எழுதியிருக்காங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்க அடக்க வந்தது. அம்மா தோளைத் தொடப் போனாள். பாப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டாள்.

"அப்போ நான் தேற மாட்டேன்னு முடிவு பண்ணது நீதானாம்மா?"

மார்க் அக்கா திறந்து கிடந்த ஏழாவது பக்கத்தில் அந்தத் தாளைச் செருகினாள்.

பாப்பா விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நீயே மாத்து. நான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றாள். நாங்கள் எல்லோரும் மூன்றாவது மேசைக்குப் போனோம். விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுகிறவள் அன்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தாள். கட்டம் சிவப்பானது.

"சார், திங்கக்கிழமை உதவி நேரம் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள் பாப்பா. சார் சொன்னார். கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.