கிருபை அக்காவின் ரம் இல்லாத புட்டிங்

போன வியாழக்கிழமை, சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன், கேட்டில் எனக்குப் போன் வந்திருப்பதாகச் சூப்பர்வைசர் வந்து சொன்னார். வேலை நேரத்தில் நல்ல செய்திக்காக யாரும் தொழிற்சாலைக்குப் போன் செய்வதில்லை. பேசியவர் கிருபை அக்காவின் கணவர் டேனியல் அண்ணன். "கிருபை காலைல போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். மாலையில் அடக்கம், லைனில் வேலை செய்யும் எல்லாருக்கும் சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டார். சொன்னேன். அன்று வர முடியாமல் போன நம் பழைய தோழிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஓசூரில் சுவிட்ச் சோதிக்கும் மேசையில் கிருபை அக்காவும் நானும் பல ஆண்டுகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். அவர் சாமல்பட்டிக் கிறிஸ்தவக் குடும்பம். நான் பாகலூரில் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண். டேனியல் அண்ணன் அப்போது கடுமையாகக் குடிப்பார். இங்கே சாராயம் கிடைக்காத காலத்தில் பஸ் ஏறிக் கர்நாடக எல்லைக்குள் போய்விடுவார். அக்கா ஷிப்ட் முடிந்து சீருடையோடு அந்தக் கடை வாசலுக்கே போய் நின்று அழைத்து வருவார். கூச்சமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "வெக்கப்பட வேண்டியது நானா?" என்றார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் அண்ணன் குடியை விட்டார். அந்த டிசம்பரில்தான் புட்டிங் பிரச்சினை வந்தது.

அவர்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சாமுவேல் ஐயா கொண்டுவரும் புட்டிங்தான் விருந்தின் சிறப்பு. உலர்ந்த பழங்களை வாரக்கணக்கில் ரம்மில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, பரிமாறும்போது மேலே இன்னும் கொஞ்சம் ரம் ஊற்றித் தீ வைப்பார். நீல நெருப்பைப் பார்க்கவே கூட்டம் முன்னால் வரும். இந்த முறை ரம் இல்லாமல் செய்ய முடியுமா என்று அக்கா அவரிடம் கேட்டார். அது புட்டிங் இல்லை, கொழுக்கட்டை என்று ஐயா சிரித்துவிட்டார்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "அவுரு திருந்துனத சபையில ஏலம் போட முடியாது" என்றார் அக்கா. "வேண்டாம்னு சொன்னா மட்டும் போதாது. கையில வேற ஒண்ணு குடுக்கணும்."

அந்த வேறொன்றைத் தேடி அவர் பட்ட பாடு எங்கள் மேசைக்கே தெரியும். முதலில் கேழ்வரகு மாவில் வெல்லமும் பேரீச்சையும் சேர்த்து அவித்து டிபன் டப்பாவில் கொண்டுவந்தார். இது களி என்று உண்மையைச் சொன்னோம். அடுத்தது வாழைப்பழம், தொண்டையை அடைத்தது. பிறகு பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா, நோன்புக் காலத்தில் தாங்கள் செய்யும் சைனா கிராஸ் எனும் கடற்பாசி இனிப்பைச் சொல்லிக்கொடுத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் மாங்கூழ் டின் ஒன்றை வாங்கி, இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினார் அக்கா. உறையாமல் கஞ்சியாக ஓடியது. சைனா கிராஸைத் தண்ணீரில் தனியாகக் கரைத்து, அடுப்பை விட்டு இறக்கிய பிறகு மாங்கூழைக் கலக்கச் சொன்னார் மும்தாஜ் அக்கா. அப்படிச் செய்ததும் தட்டில் மஞ்சளாக, துண்டு போடும் பதத்தில் நின்றது. மேலே முந்திரியும் திராட்சையும் பதித்தார்.

கிறிஸ்துமஸ் அன்று நானும் போயிருந்தேன். சாமுவேல் ஐயா தீ வைத்தார். ரம் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. யாரோ ஒருவர் டேனியல் அண்ணன் கையில் அந்தப் புட்டிங் வைத்த ஒரு தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அதைப் பார்த்தபடியே நின்றார். அக்கா தன் இனிப்புத் தட்டுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றிருந்தார். போய் அண்ணன் கையிலிருந்து அதை வாங்கிவிடுங்கள் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். "நான் போகமாட்டேன். அவுரே வரணும்" என்றார்.

அண்ணன் நடந்து வந்தார். தட்டைச் சாமுவேல் ஐயா முன்னால் வைத்தார். "எனக்கு ரம் ஆகாதுங்க ஐயா. குடிச்சுக் குடும்பத்தக் கெடுத்தவன் நான்" என்றார், எல்லார் காதிலும் விழும்படி. பிறகு அக்காவிடம் திரும்பி, "எனக்கு உன்னுது குடு" என்றார்.

சாமுவேல் ஐயா தன் புட்டிங்கை விடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு முதல் தீ வைப்பதை நிறுத்தினார். தன் தட்டைத் தனி மேசையில் வைத்து, கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு ஆண்டு கழித்து, தன் தம்பி இறந்த துக்கத்தில் அண்ணன் மறுபடி குடித்தார். கிறிஸ்துமஸ் நெருங்கியும் நிறுத்தவில்லை. இந்த ஆண்டும் செய்யப்போகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவுரு விழுந்தா நானும் விழணுமா? வர்றவங்கள்ல இன்னும் எத்தன வூட்ல இந்தக் கஷ்டமோ" என்றார். அந்த முறை அண்ணன் விருந்துக்கு வரவில்லை. ஆனால் வேறு சில பெண்கள் தங்கள் கணவர்களை நேராக அக்காவின் மேசைக்கு அழைத்து வந்ததைப் பார்த்தேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அண்ணனும் வந்தார். அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாரையும் கைகூப்பி நின்று அனுப்பிவைத்தவர் அவர்தான்.

எனக்குச் சமையல் அவ்வளவாக வராது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு கேள்வியை மட்டும். எந்த விருந்துக்கும் அடுப்பு மூட்டும் முன், வருகிறவர்களில் யாருக்கு என்ன ஆகாது என்று அவர் கேட்பார். நேற்று என் தம்பி கல்யாண விருந்தைப் பற்றிப் பேசப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அதையே கேட்டேன். எல்லாரும் எல்லாம் சாப்பிடுவோம் என்றார்கள். விடாமல் மறுபடி கேட்டேன். அப்போதுதான் பெண்ணின் அம்மா, தனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக, கணவரைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.