புழுதி தங்காத நாற்காலி

காய்கறி வாங்கப் போன என் கணவர் வெறும் பையோடு திரும்பி வந்தார். "ரெஜினாம்மா போயிட்டாங்க, மரகதம். தூக்கத்துலயே" என்றார். அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். யாருக்கும் ஒரு தொந்தரவு வைக்காமல், இதையும் எவ்வளவு கச்சிதமாக முடித்துக்கொண்டார்கள் பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

ரெஜினா அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வடக்கே போய் டிசைன் படித்து, சென்னையில் மேசை நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றில் வரைந்துகொண்டிருந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் ஆபரேட்டராக இருந்த அந்தோணி அண்ணனைக் கட்டிக்கொண்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள். நான் விருதுநகர்க்காரி. அதே சுரங்கக் கம்பெனியின் டிராயிங் பிரிவில் பர்மனென்ட் வேலை. எங்கள் பிளாக்கில் ஸ்கேலும் பென்சிலும் பிடிக்கத் தெரிந்த ஒரே பெண் என்ற பெருமை அதுவரை எனக்கு இருந்தது.

டிசைனர் என்றதும் பிளாக் பெண்கள் ஜாக்கெட் துணியோடு போய்க் கதவைத் தட்டினார்கள். "ஜாக்கெட் தெரியாதுங்க, நாற்காலிதான் தெரியும்" என்று சிரித்தபடியே திருப்பி அனுப்பினார்கள் அக்கா. வேலை கேட்டு ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் அப்படி ஒரு போஸ்டே கிடையாது என்றார்களாம். ஒரு பள்ளியில் தையல் டீச்சர் வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆண்களை எங்கள் வீடுகளில் குளிக்காமல் நாற்காலியில் உட்கார விடமாட்டோம். உடம்பெல்லாம் பழுப்பு நிலக்கரிப் புழுதி. நான் தரையில் பேப்பர் விரிப்பேன். மற்ற வீடுகளில் வாசலில் நின்றபடியே டீ குடிப்பார்கள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "எட்டு மணி நேரம் வேல செஞ்சிட்டு வந்து நின்னுகினே டீ குடிக்கிறாரு. இது அவரு வூடுதானங்க?" என்றார்கள்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய், தாமே வரைந்த நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் நின்று செய்து வாங்கி வந்தார்கள். வளைத்த இரும்புக் கம்பி, கூடை பின்னுகிற வயர். புழுதி வயர்களின் இடைவெளியில் கீழே கொட்டிவிடும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் சுத்தம். உட்கார்ந்தபடி ஷூ கழற்ற வசதியாக உயரம் குறைவு. கை வைக்கும் இடத்தில் டம்ளருக்கு ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான். கொஞ்சம் அலங்காரம் செய்திருக்கலாமே என்று கேட்டேன்.

"எத எடுத்தா ஆளு கீழ வுழுவாரோ, அத மட்டும் வெச்சிருக்கேங்க" என்றார்கள்.

என் கணவரும் மைன்ஸ்தான். சொந்த வீட்டைத் தாண்டி எதிர் வராண்டாவில் போய் உட்கார்ந்து, அந்தோணி அண்ணனோடு டீயையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரத் தொடங்கினார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த வீட்டுப் பெண்மணி மேல் சந்தேகம் என்றாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நாற்காலியோடு என்ன சண்டை போடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போயிருந்தபோது டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியை அங்குலம் அங்குலமாக அளந்தேன். அதைவிடச் சிறப்பாக ஒன்று வரைந்து, செய்து வாங்கினேன். மெத்தை வைத்து, முதுகில் மயில் வைத்து. என் கணவர் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து, நல்லாருக்கு என்றார். மறுநாள் பழையபடி எதிர் வீடு. என் மயில் நாற்காலியில் இன்றைக்கும் கொல்லைப்புறத்தில் வடகம் காய்கிறது.

பிறகு அந்தப் பட்டறைக்காரர் எல்லோருக்கும் அதே நாற்காலியைச் செய்து கொடுத்தார். குள்ளஞ்சாவடிக் கடைகளில்கூட 'மைன்ஸ் சேர்' என்று விற்றது. ஊர் பார்க்க வந்த பெரிய அதிகாரி ஒருவர் பட்டறையில் அதில் உட்கார்ந்து பார்த்து, யார் டிசைன் என்று கேட்டாராம். பக்கத்தில் அக்கா நின்றிருக்க, நம்ம பட்டறைதாங்க என்றாராம் பட்டறைக்காரர்.

அன்று மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முன்பு வந்ததே இல்லை. முகம் வாடியிருந்தது. கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"டேப்ப எங்க வராண்டாவுலயே வுட்டுட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார்கள். நான் அந்தக் காப்பியை எடுத்து ஆற்றத் தொடங்கினேன்.

"ஒங்களுக்கு எம் மேல பொறாமைன்னு தெரியுங்க மரகதம். இந்த ஊர்ல எனக்குக் கெடச்ச ஒரே சர்டிபிகேட் அதுதான். தயவுசெஞ்சி அத வுட்டுடாதீங்க."

அதன் பிறகும் நாங்கள் உயிர்த்தோழிகளாகிவிடவில்லை. எதிரெதிர் வீட்டில் பண்டிகைப் பலகாரம் மாற்றிக்கொண்டோம், அவ்வளவே.

துக்க வீட்டில் அக்காவின் படத்தை வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். வழுக்கி வழுக்கி விழுந்தது. யாரோ வராண்டாவிலிருந்து அந்தப் பழைய நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். படம் அசையாமல் நின்றது. எனக்கு மறுபடியும் எரிச்சல். பக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர், இதே சேர் எங்க ஊர்க் கடையிலயும் கிடைக்குது என்றார்.

"கடைச் சேர் இல்லைங்க. இது அவங்க போட்ட டிசைன்" என்றேன்.

"அவங்க ஜாக்கெட் டிசைனர்னுல்ல சொன்னாங்க?" என்றார் அவர்.

துக்க வீடு என்றும் பார்க்காமல் என் குரல் உயர்ந்துவிட்டது. கம்பி எத்தனை அங்குலம், முதுகு எவ்வளவு சாய்வு, தட்டு ஏன் அந்த இடத்தில் என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். எல்லா அளவும் எனக்கு மனப்பாடம். அந்தோணி அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது படம் உள்ளே போயிருந்தது. நாற்காலி வராண்டாவில் தனியாகக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். முதுகு தானாகச் சாய்ந்தது. கை தானாகத் தட்டுக்குப் போனது. எழுந்திருக்க மனமே வரவில்லை. ஒரு கம்பிகூட அதிகம் இல்லை, பாவி மனுஷி.

நிம்மதியாகப் போய் வாருங்கள் அக்கா. நான் இன்னும் விடவில்லை.