சுவரோரப் பழக்கடை உபயம்

போன வாரம் அந்தச் சிவப்பு நாற்காலியின் இடது கை உடைந்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் அடுக்கடுக்காக நிற்குமே, அந்த வகைப் பிளாஸ்டிக் நாற்காலிதான். கொடைக்கானல் பஜாரில் இருக்கும் புறக்காவல் நிலையத்துக்கு அது ஒன்றுதான் நாற்காலி. புதிதாக டூட்டிக்கு வந்திருக்கும் இளம் பெண் காவலர் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, "அக்கா, இதத் தூக்கிப் போட்டுறவா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து பட்டர் ஃப்ரூட் விற்கும் பழக்காரக்கா அங்கிருந்தே, "போட்டுறாத தாயி! போட்டுறாத!" என்று கத்தினார். நான் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துப் போய் உடைந்த இடத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். கட்டும்போது ஏட்டம்மாவின் நினைவு வந்துவிட்டது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆனாலும் இந்தத் தெருவில் போலீஸ் என்றால் எனக்கு இன்றைக்கும் அவர் முகம்தான்.

ஏட்டம்மா வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரர். எங்கள் பஜாருக்குத் தலைமைக் காவலராக வந்தபோது மலைக் குளிருக்குப் பழகாமல், காக்கிச் சட்டைக்குள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பீப்பாய் மாதிரி நடந்து வருவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அவருக்கு அது தெரியும். "சிரிங்க, சிரிங்க, சீசன் கூட்டத்துல உங்க கல்லாப்பெட்டி காணாமப் போனா இந்தப் பீப்பாதான் உருண்டு வரணும்" என்பார். ஸ்டேஷன் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பஜாரில் நாள் முழுக்க நிற்க வேண்டியவருக்கு உட்கார இடமில்லை. என் தைலக் கடை வாசலில் உட்காருங்கள் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பக்கத்து லாட்ஜ்காரர் வரவேற்பறையில் சோபாவையே காட்டினார். அதுவும் வேண்டாம். "ஒரு கடையில உக்காந்தா அந்தக் கடை போலீசுன்னு ஆயிரும்ங்க" என்று சொல்லிவிட்டு, பழக்காரக்காவின் காலியான பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் வாசலும் தெரியும், பஜார் இறக்கமும் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். வெயில் அடித்தால் அந்தச் சுவர்தான் முதலில் சூடாகும் என்பது நான் கண்டுபிடித்த காரணம்.

நாளடைவில் அந்தப் பெட்டிதான் எங்களுக்கு ஸ்டேஷன் ஆனது. போன் தொலைத்தவர்கள், பர்ஸ் தொலைத்தவர்கள், கூட வந்த கூட்டத்தைத் தொலைத்தவர்கள் எல்லோரையும், "அந்தா, பழக்கூடை கிட்ட போங்க" என்று அனுப்பிவிடுவோம். ஒரு மே மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே மஞ்சு இறங்கி எதிர்க் கடை தெரியாமல் போய்விட்டது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் சின்னப் பெண் குழந்தையைக் காணவில்லை. தாய் அழுத அழுகையில் தெருவே கடையை விட்டு இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்துக் காட்டுமாடு ஒன்று, வரி கட்டியதுபோல நிதானமாக, நடுரோட்டில் வந்து நின்றது. ஏட்டம்மா விசிலை ஊதவில்லை. ஊதினால் மாடு மிரளும். ஒவ்வொரு கடையாக நடந்து, "யாரும் ஓடாதீங்க, நின்ன எடத்துல நில்லுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். மாடு தன் பாட்டுக்கு ஏரிப் பக்கம் இறங்கிப் போனது. குழந்தை பழக்காரக்காவின் சாக்குப் போர்வைக்குள் பிளம்ஸ் தின்றுகொண்டிருந்தது. மாட்டைப் பார்த்ததும் அவர்தான் இழுத்துப் போர்த்தி வைத்திருந்தார். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஏட்டம்மா அந்தப் பெட்டியில் உட்கார்ந்து, டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டே குடித்ததை நான் பார்த்தேன். பயமே இல்லாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு பஜாரைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. நகராட்சி சாக்கடையைத் திருத்தும், நடைபாதைக்கு டைல்ஸ் போடும், ஓரத்தில் கம்பித் தடுப்பு வைக்கும், அழகான விளக்குக் கம்பங்கள் நடும் என்றார்கள். அதோடு ஒரு புறக்காவல் நிலையமும் கேமராக்களும் வேண்டும். இடமும் மின்சாரமும் நகராட்சி தரும், மற்றதை வியாபாரிகள் சங்கம் திரட்டிக் கொடுத்தால் போலீஸ் ஆள் போடும் என்று பேச்சானது. சங்கத்துச் செயற்குழுவில் நான் ஒருத்திதான் பெண். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். போலீஸ் அரசாங்கச் சோலி, வரியும் கட்டிவிட்டு இதற்கும் நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று பாதிப் பேர். எங்கள் செயலாளர் லாட்ஜ் வைத்திருப்பவர், பேச்சில் கெட்டிக்காரர். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம காசுல நிக்கிற போலீசு நம்ம பேச்சக் கேக்கும்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எதிர்த்தவர்களும் கையைத் தூக்கிவிட்டார்கள். நானும் தூக்கினேன், ஆனால் அதற்காக இல்லை. மழையிலும் மஞ்சிலும் பெட்டி மேல் உட்காரும் ஒரு மனுஷிக்குக் கூரை வேண்டும் என்று நினைத்தேன். செயலாளர் சொன்ன காரணம் எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. காவலுக்குக் காசு கொடுப்பது ஒன்று, காவலை விலைக்கு வாங்குவது வேறு. இரண்டுக்கும் ரசீது ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

வசூல் தொடங்கிய அன்றே பழக்காரக்கா என் கடைக்கு வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அவருடையது. வில்பட்டிப் பக்கம் குடியிருக்கிறார். தோட்டங்களில் பழம் எடுத்துக்கொண்டு வெள்ளனே ஜீப்பில் வந்து இறங்குவார். சுவரோரம் உட்காரும் நாலைந்து பெண்களிடமும் வாங்கிச் சேர்த்த பணத்தைச் சுருக்குப் பையில் கொண்டுவந்து, "ஸ்டேஷனுக்கு எங்க பங்கு, தங்கச்சி" என்று நீட்டினார். நான் செயலாளரிடம் அழைத்துப் போனேன். அவர் பையைத் தொடவே இல்லை. "லைசென்ஸ் உள்ள கடைங்கள்ட்ட மட்டுந்தாம்மா வாங்குறது" என்றார். அக்கா வெளியே போனதும் என்னிடம், "வாங்கிட்டா நாளைக்கு எங்களுக்கும் தெருவுல பாத்யதை இருக்குன்னு நிப்பாங்க. டைல்ஸ் போடறப்ப அந்தச் செவத்தோரம் காலியாகணும், தங்கச்சி. மொத சோலியா ஏட்டம்மாட்ட அதத்தான் சொல்லப் போறோம்" என்றார். பழக்காரக்காவுக்குச் சோறு போடுவது அந்தச் சுவரோரம்தான். அவர் மகள் திண்டுக்கல்லில் நர்சிங் படித்தது அந்தச் சுவரோர வருமானத்தில். வெளியே நின்றிருந்தவர் என்னைப் பார்த்து, "எங்க சல்லி மட்டும் செல்லாதா?" என்று கேட்டார். பணத்துக்கு அவர்கள் வீட்டுப் பேச்சில் சல்லி. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

புறக்காவல் நிலையம் மளமளவென்று எழுந்தது. நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் அதில் 'உபயம்' என்று பெயர் எழுதியாக வேண்டும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வருகிற இடத்தை மறைத்துப் பெயர் எழுதுகிறவர்கள் நாம். அடிவாரத்தில் பழனியை வைத்துக்கொண்டு இந்தப் பழக்கம் எங்களுக்கு இல்லாமல் போகுமா? கண்ணாடிக்கு ஜவுளிக் கடை உபயம். கேமராவுக்கு லாட்ஜ் உபயம். மைக்குக்கு சாக்லேட் கடைகள், ஃபேனுக்கு ஒரு ஹோட்டல். கொடைக்கானலில் ஃபேன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, இறக்கையில் பெயர் எழுதலாமே! சுவர்க் கடிகாரத்துக்கு நான். முள் சுற்றும் வட்டத்துக்குள் என் கடைப் பெயர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியை ஒருவரும் நினைக்கவில்லை. உட்கார்ந்தால் பெயர் மறைந்துவிடும் பொருளை யார் உபயம் தருவார்கள்? எல்லாம் வாங்கித் தாலி வாங்க மறந்த கல்யாணம் போலத்தான் ஆயிற்று. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து அந்தக் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்த பழக்காரக்கா கண்ணில் மட்டும் பட்டது.

திறப்பு விழாவுக்கு டி.எஸ்.பி. வந்தார். ரிப்பன் வெட்டினார், கை தட்டினோம், உள்ளே போனார். பத்திரிகைக்காரர், "சார், உக்காந்த மாதிரி ஒரு படம்" என்றார். டி.எஸ்.பி. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார், பொருளாளர் என்னைப் பார்த்தார், நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சிவப்பு நாற்காலி தலைக்கு மேலே மிதந்து வந்தது. கீழே பழக்காரக்கா. "இதுல உக்காருங்க சார், புதுசு தானே" என்று துடைத்துப் போட்டார். அதன் முதுகில் வெள்ளைப் பெயின்டில், மற்ற உபயங்களை எழுதிய அதே ஓவியர் கையெழுத்தில், 'உபயம்: சுவரோரப் பழக்கடை, பஸ் ஸ்டாண்ட் எதிரில், கொடைக்கானல்' என்று எழுதியிருந்தது. கடைப் பெயர் என்ன, விலாசம் என்ன என்று ஓவியர் கேட்டிருக்கிறார். அக்காவும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். டி.எஸ்.பி. உட்கார்ந்தார். செயலாளர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. ஏட்டம்மா மட்டும் வாசலில் விறைப்பாக நின்றார். ஆனால் கன்னம் உப்பியிருந்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

டைல்ஸ் வேலை சுவரோரத்தை நெருங்கியதும் செயலாளர் எங்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு ஏட்டம்மாவிடம் போனார். அன்றைக்கும் மஞ்சு. உள்ளே ஹீட்டர் இல்லாததால் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்க, ஏட்டம்மா கைக்குட்டையால் ஒரு வட்டம் துடைத்து அதன் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் இனிமையாகத்தான் தொடங்கினார். "ஏட்டம்மா, நாளைக்கு அந்தச் செவத்தோரத்த வெரசா காலி பண்ணிக் குடுத்துருங்க. சங்கம் உங்களுக்கு இவ்வளவு செஞ்சிருக்கு" என்றார். வழக்கமான உப்புப் பழமொழியையும் சேர்த்துக்கொண்டார். ஏட்டம்மா எழுந்தார். நாற்காலியைத் திருப்பி அதன் முதுகை எங்களுக்குக் காட்டி நிறுத்தினார். கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை.

"அண்ணே, நீங்க சொல்ற ஞாயத்துலயே வாரேன். காசு குடுத்தவங்களுக்குத்தான் காவல்னா, இவங்களும் குடுத்திருக்காங்க. குடுக்காதவங்களுக்கும் சேத்துத்தான் காவல்னா, அப்பவும் இவங்களுக்கு உண்டு. எப்படிப் பாத்தாலும் அந்தம்மாவத் தூக்குற சோலி எனக்கு இல்லீங்க. நகராட்சி எழுத்துல குடுக்கட்டும், அப்பப் பாப்போம்."

நகராட்சி எழுத்தில் ஒன்றும் வரவில்லை. பழக்காரக்கா நாற்காலியில் டி.எஸ்.பி. உட்கார்ந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்த பிறகு எந்த அதிகாரிக்கும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அது மெய்யோ பொய்யோ, சுவர் வந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் கம்பித் தடுப்பை நிறுத்தி, நாலு கூடை வைக்கிற அளவுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கினார். சங்கத்துக்கும் காவலுக்கும் நடுவில் அன்று ஏட்டம்மா போட்ட கோடு இன்றும் இருக்கிறது. அப்படியொரு கோடு இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஓய்வு பெற்றபோது சங்கம் சால்வையும் வெள்ளி விளக்கும் ஏற்பாடு செய்தது. ஏட்டம்மா வரவில்லை. கடைசி நாள் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, "போய்ட்டு வாரேங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார், செயலாளர் லாட்ஜ் உட்பட. சுவரோரத்தில்தான் அதிக நேரம் நின்றார். பழக்காரக்கா ஒரு பை நிறையப் பேரிக்காய் கொடுக்க, இவர் காசு கொடுக்க, அவர் மறுக்க, கடைசியில் இரண்டு பேரும் அழுதார்கள். காசு கைமாறியதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் பெரிய பிரியம் இருந்தது. அவர் இருந்தபோது அதைச் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது பஜார் திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று பேச்சு அடிபடுகிறது. புறக்காவல் நிலையத்துக்கு டி.வி. திரை வந்துவிட்டது, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்துவிட்டது, எல்லாவற்றிலும் உபயம் பளபளக்கிறது. நாற்காலி மட்டும் இன்னும் யாரும் தரவில்லை. சிவப்பு நாற்காலியின் எழுத்து மங்கும்போதெல்லாம், சீசனுக்கு முன்னால் பழக்காரக்கா ஓவியரைப் பிடித்துத் திரும்ப எழுதி வாங்கிவிடுகிறார். நான் கம்பி கட்டிய மறுநாள் செயலாளர் வந்தார். வயசாகிவிட்டது, முழங்கால் வலியோடு மேடேறி மூச்சு வாங்கினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அந்தச் செவத்தோரம் விசயமா ஒரு பெட்டிசன், பாப்பா" என்றார். ஏட்டம்மா இருந்திருந்தால் என்று எனக்குப் பதறியது. இளம் காவலருக்குப் பழைய கதை தெரியாது. பெரியவர் என்பதால் சட்டென்று எழுந்து, "மொதல்ல உக்காருங்க சார்" என்று தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அதன் முதுகைப் பார்த்தபடியே நின்றார். எதிர்ச் சுவரோரத்திலிருந்து பழக்காரக்கா, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, "ஒரு பக்கம் கை ஒடஞ்சி கெடக்கு. பாத்து உக்காருங்க, அண்ணே" என்று குரல் கொடுத்தார்.

பார்த்துத்தான் உட்கார்ந்தார். உட்கார அங்கே வேறு நாற்காலி இல்லை.